முதல் மூன்று சுரங்கள்: பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் எதை மாற்றியது

1969-ல் அமெரிக்காவின் சிகாகோ பக்கத்தில் இருந்து கோவன் என்றொரு ராக் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் முதல் பாட்டின் பெயர் 'பிளாக் சபாத்'. குழுவில் பாஸ் கிடார் வாசித்தவரை ஓஸ் ஆஸ்போர்ன் என்று அழைப்பார்கள். ஆல்பத்தின் கடைசியில் 13 நிமிடத்துக்கும் மேலாக ஒரு சாத்தான் பூசையையே நடித்துப் பதிவு செய்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து இளைஞர்கள் நான்கு பேரின் முதல் ஆல்பம் கடைக்கு வந்தது. குழுவின் பெயர் பிளாக் சபாத். ஆல்பத்துக்கும் அதே பெயர், முதல் பாட்டுக்கும் அதே பெயர். பாடியவர் ஓஸி ஆஸ்போர்ன். பெயர்கள் இப்படிப் பொருந்திப் போனது வெறும் தற்செயல்.

கோவனின் ஆல்பத்தை இன்று பழைய ராக் இசையைத் தேடிப் பிடித்துக் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிளாக் சபாத்தின் ஆல்பத்தில் இருந்தோ ஹெவி மெட்டல் என்ற ஓர் இசைவகையே கிளம்பியது. ஏன் இப்படி? சாத்தான், சூனியம் என்று பார்த்தால் கோவன் ஆல்பத்தில்தான் சரக்கு அதிகம். ஆனால் அதில் வரிகளை எடுத்துவிட்டு இசையை மட்டும் கேட்டால், அந்தக் காலத்து அமெரிக்க சைகடெலிக் ராக் இசைதான் மிஞ்சும். நல்ல இசை, ஆனால் பயமுறுத்தாது. பிளாக் சபாத்தின் பாட்டில் ஓஸி வாயைத் திறப்பதற்கு முன்பே வயிற்றில் ஏதோ பிசைய ஆரம்பித்துவிடுகிறது. பயம் வரிகளில் இருந்து சுரங்களுக்கு இடம் மாறியது இந்த ஆல்பத்தில்தான். இதற்கு அப்புறம் வந்த கனத்த ராக் இசை முழுவதும் இந்த இடமாற்றத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான்கு பேரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அடிவாங்கிய தொழிற்சாலை நகரம் அது. இவர்களின் சிறுவயதில்கூட இடிந்த வீடுகள் அப்படியே கிடந்தன. வேலை என்றால் ஆலை வேலைதான். ஓஸி கார் ஹாரன் சோதிக்கும் வேலையில் இருந்தார், கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தார், திருட்டு வழக்கில் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். பாஸ் கிடார் வாசித்த கீஸர் பட்லர் அலுவலகத்தில் கணக்கு வேலை கற்றுக்கொண்டிருந்தவர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். டிரம்ஸ் வாசித்த பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கிடார் வாசித்த டோனி அயோமி தகர ஆலையில் வேலை பார்த்தார்.

அயோமியின் கதை ராக் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாதி தவறாகச் சொல்லப்படுகிறது. 17 வயதில், ஆலையில் அவருக்கு அதுதான் கடைசி நாள். அன்றைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். அது அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது வலது கைதான். போனது வாசிக்கும் விரல்கள். இனி கிடார் இல்லை என்று மனம் உடைந்து கிடந்தவருக்கு ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார் மேதையின் தட்டு. தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, மீதியிருந்த விரல்களால் வாசித்து உலகப் புகழ் பெற்றவர் அவர்.

அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார். அதன் மேல் பழைய ஜாக்கெட்டில் இருந்து வெட்டிய தோலை ஒட்டினார். தடித்த தந்திகளை அந்த உறைகளால் அழுத்துவது சிரமம், மெல்லிய கிடார் தந்திகளோ அன்று கடையில் கிடைக்காது. அதனால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிடாரில் மாட்டினார். உறை போட்ட விரலுக்குத் தந்தி தட்டுப்படுவதே தெரியாது, காதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஐந்து விரலும் உள்ள கிடார் கலைஞர்கள் பிடிக்கும் சிக்கலான கார்டுகள், அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க விடும் பிடிகள், அவருக்குக் கஷ்டம். இரண்டு சுரம் மட்டும் போதும் என்ற பவர் கார்டுகள் அவர் இசையின் மூலப்பொருள் ஆயின.

இங்கேதான் அந்தத் தவறு நுழைகிறது. விரல் வலியால் அயோமி தந்திகளின் சுருதியைக் கீழே இறக்கினார், அதனால் முதல் ஆல்பம் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். சுருதி இறக்கியது உண்மை. ஆனால் மூன்று அரைச்சுரம் கீழே போன அந்த ஒலி 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் வருகிறது. முதல் ஆல்பம் எல்லோரும் வாசிக்கும் வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டது. அப்படியானால் அதன் கனம் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

குழுவின் ஆரம்பம் சாதாரணமானது. 1968-ல் சாக்ஸஃபோன், ஸ்லைட் கிடார் எல்லாம் வைத்துக்கொண்டு ஆறு பேராகத் தொடங்கினார்கள். பெயர் போல்கா டல்க் புளூஸ் பேண்ட். பிறகு நான்கு பேராகச் சுருங்கி, எர்த் என்று பெயர் மாற்றினார்கள். ஓஸியைச் சேர்த்துக்கொண்டதற்கு அவரிடம் சொந்தமாக மைக் செட் இருந்ததும் ஒரு காரணம். அந்த ஆண்டுக் கடைசியில் அயோமி சிறிது காலம் ஜெத்ரோ டல் குழுவுக்குப் போய்விட்டுத் திரும்பினார். அங்கே ஒழுங்காக நேரம் வைத்து ஒத்திகை பார்ப்பதைப் பார்த்தவர், திரும்பி வந்து தன் குழுவையும் அப்படியே உட்கார வைத்தார். 1969-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டார் கிளப்பில் வாசித்தார்கள். ஒரே நாளில் பல முறை மேடையேற வேண்டும். கையில் அவ்வளவு பாட்டு கிடையாது, ஆகவே ஒவ்வொரு பாட்டையும் இழுத்து, நடுவே மனம் போன போக்கில் வாசித்து நேரத்தை ஓட்டினார்கள். இந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் அந்த ஹாம்பர்க் இரவுகள் அப்படியே காதில் விழும்.

எர்த் என்ற பெயரில் வேறொரு குழுவும் இருந்ததால் குழப்பம் வந்தது. அப்போது அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1963-ல் எடுத்த, போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு திகில் படத்துக்கு ஆங்கிலத்தில் பிளாக் சபாத் என்று பெயர். பயப்படுவதற்காக மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று அவர்களுக்குத் தோன்றியது. திகில் படம் செய்வதை இசை ஏன் செய்யக் கூடாது? இந்தக் கேள்வியில் இருந்துதான் எல்லாமே தொடங்கியது.

அந்தச் சமயத்தில் பட்லர், ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914-ல் எழுதத் தொடங்கிய கிரகங்கள் தொகுப்பில் வரும் செவ்வாய்ப் பகுதியை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். போர்க் கடவுளுக்கான இசை அது. அதை பாஸ் கிடாரில் வாசித்துப் பார்ப்பார். அதன் சாயலில் அயோமிக்கு ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு சுர வரிசை, பிடிபட்டது. மூன்றே சுரம். கீழ் ஸ்தாயியில் ஒன்று, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒன்று, அப்புறம் கொஞ்சம் இறங்கி மூன்றாவது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முதல் சுரத்தை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது மேல் ஷட்ஜம், மூன்றாவது பிரதி மத்யமம். பஞ்சமத்துக்கு அரைச்சுரம் கீழே வந்து நின்றுவிடுகிறது. காது பஞ்சமத்தை எதிர்பார்க்கும், அதில் போய் அமர்ந்தால் நிம்மதி. அயோமி அந்த நிம்மதியைத் தருவதில்லை, மூன்றாவது சுரத்தில் விரலை நடுங்கவிட்டே நிறுத்துகிறார், பிறகு மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறார். இதே பிரதி மத்யமம் கல்யாணியிலும் இருக்கிறது, அங்கே அது அழகாக ஒலிக்கிறது. ஏனென்றால் தம்புராவின் ஷட்ஜமும் பஞ்சமமும் கீழே தாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே அந்தச் சுரத்திலேயே பேய் எதுவும் குடியிருக்கவில்லை. ஆதாரத்தை எடுத்துவிட்டு அதைத் தனியாக அந்தரத்தில் நிற்க வைத்ததுதான் அயோமி செய்த வேலை.

மேற்கத்திய இசையில் இந்த இடைவெளியை டிரைடோன் என்பார்கள். இடைக்காலத்தில் திருச்சபை இதைத் தடை செய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் இணையத்தில் நிறையக் கதைகள் உண்டு. அப்படி ஒரு தடை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பாடுவதற்குக் கடினம், காதுக்கு முரண் என்று அன்றைய இசை இலக்கணக்காரர்கள் தவிர்த்தார்கள், அவ்வளவுதான். 'இசையில் சாத்தான்' என்ற பட்டப்பெயர் நூல்களில் பரவலாகத் தென்படுவது 18-ஆம் நூற்றாண்டில். அயோமிக்கும் இந்த இலக்கணம் எதுவும் அப்போது தெரியாது. காதுக்குத் திகிலாக இருந்தது, வைத்துக்கொண்டார்.

ஆனாலும் சுரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். இந்தப் பாட்டின் வேகத்தைக் கவனியுங்கள், இல்லை, வேகமின்மையை. மூன்று சுரமும் ஒலித்து முடிந்ததும் ஓர் இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் பில் வார்டு டிரம்ஸை உருட்டுகிறார், கீஸர் பாஸை முனக விடுகிறார், கிடாரின் ஒலி கரைந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஓஸி பாடும்போது கிடார் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. 1969-ல் கனத்த ராக் என்றால் நிறைய வாசிப்பது என்று அர்த்தம். கிரீம் குழு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இருவரையும் பின்பற்றிய எல்லோரும் இடைவெளி கிடைத்தால் அதை சுரங்களால் நிரப்பினார்கள். இவர்கள் காலியாக விட்டார்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்க வைப்பதில்தான் பயம் இருக்கிறது. எந்தத் திகில் பட இயக்குநருக்கும் தெரிந்த இந்த உண்மையை ராக் இசையில் இவ்வளவு தெளிவாக யாரும் செய்திருக்கவில்லை. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டில் கடைசிப் பகுதியில்தான் வேகம் பிடிக்கிறது, துரத்தப்படுகிறவனின் ஓட்டம் மாதிரி.

பாட்டின் வரிகளையும் ஒரு தரம் பார்க்க வேண்டும். பட்லர் அந்த நாட்களில் மாந்திரீகப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார், வீட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார். ஒரு இரவு விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் ஒரு கறுப்பு உருவம் நின்றதாக அவர் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அனுபவத்தை வைத்து ஓஸி எழுதியது இந்தப் பாட்டு. இதில் பேசுகிறவன் சாத்தானைக் கும்பிடவில்லை. பயந்து நடுங்குகிறான், கடவுளே காப்பாற்று என்று கதறுகிறான். கத்தோலிக்க வீட்டுப் பையனின் நரக பயம்தான் பாட்டு முழுக்க. இதைக் கேட்டுவிட்டு இவர்களைச் சாத்தானின் பூசாரிகள் என்று முத்திரை குத்தியவர்கள் பாட்டை ஒழுங்காகக் கேட்கவே இல்லை.

அந்த முத்திரைக்கு இசைத்தட்டு நிறுவனமும் ஒரு காரணம். அட்டையை விரித்தால் உள்ளே தலைகீழான சிலுவை. அதை வைத்தது குழு இல்லை, அவர்களைக் கேட்டும் வைக்கவில்லை. அட்டைப்படத்தை எடுத்தவர் கீத் மக்மில்லன். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மேப்பிள்டர்ஹம் நீராலைக்கு முன்னால், கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அகச்சிவப்பு படச்சுருளில் எடுத்ததால் செடிகொடிகள் எல்லாம் இளஞ்சிவப்பாக மாறிவிட்டன. வெயில் படாத கனவுக்குள் எடுத்தது போல இருக்கும். சிலுவை தொல்லை தந்தது, ஆனால் இந்தப் படம் ஆல்பத்துக்குக் கிடைத்த வரம். பின்னாளில் டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த மெட்டல் வகையில் வந்த அட்டைகளில் பாதி இந்தப் படத்தின் பிள்ளைகள்தான்.

பதிவு நடந்தது 1969-ன் பிற்பகுதியில், லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். நான்கு டிராக் இயந்திரம், அதாவது ஒலியை நான்கு தனித் தடங்களில் மட்டுமே பதிய முடியும். ஒரே நாளில் மொத்த ஆல்பத்தையும் வாசித்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் ஒன்றாக வாசிக்க, ஓஸி தடுப்புக்குப் பின்னால் நின்று அதே நேரத்தில் பாடினார். பிறகு ஐரோப்பாவுக்கு வண்டி ஏறிவிட்டார்கள். பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் வேலை இவர்கள் இல்லாமலே நடந்தது. ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் மழை, இடி, தேவாலய மணி எல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் சேர்த்தவை.

ஒரு நாள் பதிவு என்பதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அது இசையைத் தீர்மானித்தது. பெரும்பாலும் ஒரே ஒரு கிடார். ஓரிரு சோலோவைத் தவிர, இரண்டாவது கிடாரை மேலே அடுக்க நேரம் இல்லை. அயோமி சோலோ வாசிக்கும்போது கீழே அடித்தளம் போட பாஸ் மட்டும்தான் இருக்கிறது. பட்லர் முதலில் கிடார் வாசித்தவர், பிறகு பாஸுக்கு மாறியவர். மற்ற பாஸ் கலைஞர்களைப் போல அடியில் ஒதுங்கிக்கொள்ளாமல் அயோமியின் ரிஃப்பை அப்படியே கீழ் ஸ்தாயியில் தொடர்ந்து வாசித்தார், தந்தியை வளைத்தும் வாசித்தார். இரண்டு கருவியும் ஒரே ரிஃப்பை வாசிக்கும்போது கிடைக்கும் ஒலிச்சுவர்தான் நான் மேலே கேட்ட கேள்விக்குப் பதில். சுருதி இறக்காமலே கனம் வந்தது இப்படித்தான்.

பவர் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் இருக்கும், காந்தாரம் இருக்காது. காந்தாரம் இல்லாததால் மேஜரா மைனரா என்று சொல்ல முடியாது, சந்தோஷமா சோகமா என்று முடிவாகாது. வால்வு ஆம்ப் என்ற ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து ஒலியைக் கரகரப்பாக்கும்போது, காந்தாரம் இருந்தால் சேறாகக் குழம்பும். ஷட்ஜம், பஞ்சமம் மட்டும் என்றால் எவ்வளவு கரகரப்பிலும் திடமாக நிற்கும். அயோமி தன் விரல்களுக்காகத் தேர்ந்தெடுத்த வழி ஒலியியலிலும் சரியான வழியாக இருந்தது. இதில் கிடாரும் பங்கு எடுத்துக்கொண்டது. பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பழுதாகிவிட்டது. துணைக்குக் கொண்டுவந்திருந்த கிப்சன் எஸ்.ஜி. கிடாரை எடுத்து மீதியை வாசித்தார். அதன் பிறகு எஸ்.ஜி. அவர் கையை விட்டு இறங்கவில்லை. இன்று உலகம் முழுவதும் கனத்த இசை வாசிக்கிறவர்கள் எஸ்.ஜி.யைத் தேடி வாங்குவதற்கு அந்த ஒரு நாள் பழுதும் காரணம்.

முதல் பாட்டைத் தாண்டி உள்ளே போனால் ஆல்பம் வேறொரு முகத்தைக் காட்டும். 'தி விசார்ட்' பாட்டில் ஓஸி ஹார்மோனிகா ஊதுகிறார், அது அப்பட்டமான புளூஸ். 'பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்' அமெரிக்கத் திகில் கதாசிரியர் லவ்கிராஃப்டின் ஒரு கதைத் தலைப்பில் இருந்து பெயரை எடுத்துக்கொண்டது. 'என்.ஐ.பி.' பாட்டில் சாத்தானே ஒரு பெண் மேல் காதல் கொண்டு பேசுகிறான். அந்தத் தலைப்புக்கு 'நேட்டிவிட்டி இன் பிளாக்', அதாவது 'கறுப்பில் பிறப்பு' என்றெல்லாம் ரசிகர்கள் விரிவு கொடுத்தார்கள். உண்மையில் பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி கூராக இருந்ததால் வந்த கேலிப்பெயர் அது. 'ஈவில் வுமன்' கடன் வாங்கிய பாட்டு, மினியாபொலிஸைச் சேர்ந்த குரோ குழுவுடையது, தனிப் பாட்டாக விற்கும் சிங்கிள் தட்டுக்காகப் பதிந்தது. ஆல்பத்தில் மனம் ஒட்டாத ஒரே பாட்டு என்று எனக்குத் தோன்றும். கடைசியில் வரும் 'வார்னிங்' பாட்டும் வேறொருவருடையதுதான். டிரம்ஸ் கலைஞர் ஐன்ஸ்லி டன்பாரின் குழு வாசித்த பாட்டு. இவர்கள் அதைப் பத்து நிமிடத்துக்கு இழுத்து, நடுவில் அயோமியைத் தன்னந்தனியாக அலைய விட்டிருக்கிறார்கள்.

பில் வார்டைப் பற்றி நிறைய எழுதலாம். இந்த ஆல்பத்தின் ரகசியம் அவர். ஜீன் க்ருப்பா, பட்டி ரிச் மாதிரியான ஜாஸ் டிரம்ஸ் மேதைகளைக் கேட்டு வளர்ந்த கை. தாளத்தை நேராக அடிக்க மாட்டார், ஊஞ்சல் போலக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்துத்தான் வாசிப்பார். அயோமியின் ரிஃப் மலையாக நிற்க, அதைச் சுற்றி வார்டு ஓடிக்கொண்டே இருப்பார். கனமான இசை இங்கே நடனமாடுகிறது. பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் இவர்களிடம் இருந்து ரிஃப்பை எடுத்துக்கொண்டன, இருளை எடுத்துக்கொண்டன, ஒலியளவை எடுத்துக்கொண்டன. இந்த அசைவை விட்டுவிட்டன. 80-களுக்குப் பிறகு மெட்டல் இசை மேலும் மேலும் துல்லியமாகி, இயந்திரம் போல இறுகியதில் லாபமும் உண்டு. ஆனால் வார்டின் அசைவு தொலைந்தது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

விமர்சகர்கள் ஆல்பத்தை வரவேற்கவில்லை. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ், கிரீம் குழுவைப் போலவே இருக்கிறது, அதைவிட மோசம் என்ற தொனியில் எழுதினார். கேட்டவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். வானொலி ஆதரவு பெரிதாக இல்லாமலே பிரிட்டன் பட்டியலில் 8-ஆம் இடம், ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியானதும் அங்கே 23-ஆம் இடம். பேங்ஸின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்து நீண்ட வாசிப்பை மட்டும் கேட்டால் கிரீம் குழுவின் நிழல் தெரியத்தான் செய்யும், பட்லரே கிரீமின் பாஸ் கலைஞர் ஜாக் புரூஸின் பெரிய ரசிகர். புதிதாக இருந்தது முதல் பக்கம். புதியதைப் பழைய அளவுகோலால் அளந்ததில் அது குறையாகத் தெரிந்துவிட்டது. பேங்ஸே சில ஆண்டுகளில் மனம் மாறி இவர்களைப் பாராட்டி எழுதினார்.

சரி, இதுதான் முதல் ஹெவி மெட்டல் ஆல்பமா? இந்த விவாதம் ஓயாது. சான் பிரான்சிஸ்கோவின் புளூ சியர் குழு 1968 ஜனவரியிலேயே தன் முதல் ஆல்பத்தில் ஆம்ப்பைக் கதற விட்டது. லெட் ஸெப்பலின் 1969 ஜனவரியில் வந்துவிட்டார்கள். டீப் பர்ப்பிள் 1970 ஜூனில் தங்கள் கனத்த ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஒலியளவு என்று பார்த்தால் புளூ சியர் முன்னோடி. இசைத் திறமை என்றால் ஸெப்பலின். ஆனால் புளூ சியர் சத்தத்தை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது பழைய ராக் அண்ட் ரோல்தான். ஸெப்பலினின் இசை புளூஸ், நாட்டுப்பாடல், கிழக்கத்திய இசை என்று எங்கெங்கோ போய்வரும், ஒரே உணர்வில் நின்றதில்லை. மெட்டல் என்று இன்று நாம் சொல்லும்போது மனதில் வருகிற எல்லாமும், அதாவது மெதுவான கனத்த ரிஃப், தீராத முரண் சுரம், பயத்தைப் பேசும் வரிகள், அவற்றுக்கு ஏற்ற ஓர் அட்டை, ஒரே இடத்தில் சேர்ந்தது 1970 பிப்ரவரியில்தான். அதனால் நான் பிளாக் சபாத் பக்கம்.

இதன் வம்சாவளி நேரடியாகவே தெரிகிறது. அதே பர்மிங்ஹாம் வட்டாரத்தில் இருந்து வந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் முதல் ஆல்பத்தை 1974-ல் தயாரித்தவர் இதே ரோட்ஜர் பெய்ன். அவர்களை உலகப் புகழுக்குக் கொண்டுபோன 1980-ஆம் ஆண்டு ஆல்பத்தைத் தயாரித்தவர் இதே டாம் ஆலம். ரீஜன்ட் சவுண்டில் அந்த ஒரு நாள் வேலை செய்த இரண்டு பேர், மெட்டலின் அடுத்த தலைமுறைக்கும் ஒலி கொடுத்திருக்கிறார்கள். 2006-ல் பிளாக் சபாத்தை ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் அறிமுகம் செய்து பேசியது மெட்டாலிக்கா. 80-களில் ஸ்வீடனின் கேண்டில்மாஸ், அமெரிக்காவின் செயின்ட் வைட்டஸ், டிரபிள் ஆகிய குழுக்கள் முதல் பாட்டின் வேகத்தையே ஒரு தனி வகையாக வளர்த்தன. அதுதான் டூம் மெட்டல். ஒரு முழு இசைவகைக்கு ஆறு நிமிடப் பாட்டு ஒன்று விதையாக இருந்தது என்று மிகைப்படுத்தாமல் சொல்ல முடிகிற வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தின் எலெக்ட்ரிக் விசார்ட் குழு தன் பெயரையே இரண்டு சபாத் பாட்டுகளில் இருந்து எடுத்துக்கொண்டது, அதில் ஒன்று இந்த ஆல்பத்தில் உள்ள 'தி விசார்ட்'.

அமெரிக்காவின் வடமேற்கில், சியாட்டில் பக்கம், மெல்வின்ஸ், சவுண்ட்கார்டன் குழுக்கள் பங்க் இசையின் வேகத்தை விட்டு சபாத்தின் மெதுநடைக்குத் திரும்பின. கிரஞ்ச் இசையின் கனம் அந்த வழியில் வந்தது. அதே பகுதியில் டிலன் கார்ல்சன் 1989-ல் ஒரு குழு தொடங்கி, சபாத் வேண்டாம் என்று விட்ட பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டார்: எர்த். டிரம்ஸையும் பாட்டையும் தள்ளிவிட்டு, ஒரே ரிஃப்பை அரை மணி நேரம் ரீங்கரிக்க விட்டார்கள். டிரோன் மெட்டல் என்ற வகை அங்கே பிறந்தது. சபாத் இரண்டு சுரத்துக்கு நடுவே விட்ட இடைவெளியை இவர்கள் அதன் எல்லை வரை நீட்டிப் பார்த்தார்கள். ராக் உலகத்துக்கு வெளியேயும் இந்த ரிஃப் போயிருக்கிறது. ராப் பாடகர் ஐஸ்-டி 1989-ல், எதேச்சதிகார அரசின் அறிவிப்பு போல ஒரு பேச்சை ஒலிக்கவிட்டபோது, அதன் பின்னால் ஓட விட்டது 'பிளாக் சபாத்' பாட்டைத்தான். பேயும் இல்லை, மாந்திரீகமும் இல்லை, பயம் மட்டும் அப்படியே கடந்து வந்திருக்கிறது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், நான்கு பேரும் கடைசி முறையாக ஒன்றாக மேடையேறினார்கள். நிற்க முடியாத ஓஸி இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். வாசித்த நான்கு பாட்டுகளில் மூன்று இரண்டாவது ஆல்பத்தில் இருந்து, ஒன்று மட்டும் முதல் ஆல்பத்தில் இருந்து: என்.ஐ.பி. அடுத்த மூன்று வாரத்துக்குள், ஜூலை 22 அன்று, ஓஸி இறந்துபோனார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பிரிட்டன் பதிப்பில் 'ஈவில் வுமன்' இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'விக்கெட் வேர்ல்ட்' பாட்டைச் சேர்த்தார்கள். முடிந்தால் இரண்டாவதைக் கேளுங்கள், அல்லது இரண்டும் சேர்ந்த பிற்காலப் பதிப்பைத் தேடுங்கள். 'விக்கெட் வேர்ல்ட்' பில் வார்டின் ஜாஸ் தாளத்தில் தொடங்குகிறது. வரிகளில் மாந்திரீகம் கிடையாது. நிலவுக்கு மனிதனை அனுப்பத் தெரிந்த உலகத்தில் மக்கள் பழைய நோய்களால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆஸ்டன் பையன்கள் கோபப்படுகிறார்கள். பதிந்தது 1969-ல், மனிதன் நிலவில் கால் வைத்த அதே ஆண்டில்.